மூன்று வெண்மைகள்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கடலை நெருங்கும் மீஞ்சூர்ப் பிரதேசத்தைக் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் காண்போருக்கு முதலில் கண்ணில் படுவது ஆங்காங்கே பளிச்சிடும் வெண்மையாகும். அவ்வெண்மையில் ஒரு பகுதி கடற்கரை மணல். ஒரு பகுதி உப்பளம். மற்றொரு பகுதியோ, உவர் பூத்துக் கிடக்கும் கழனி. இம்மூன்றையும் பிரித்தறிவதிலேயே மண் வரைபடம் தயாரிப்போரின் திறமை விளங்குகிறது.

சூரிய கிரணங்கள் பூமியில் பட்டு மீளும்போது, ஒவ்வொரு பொருளும் தன் சுபாவத்துக்கேற்பச் சிலவற்றை உட்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. 1972இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட்டும், 1988 மார்ச்சில் ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ். 1ஏயும் பதிவு செய்தவை இவ்வாறு மீளும் கிரணங்களே. பசும்பயிர் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணத்தை மிகுதியாகத் திருப்புவதால், அதைச் செந்நிறமாகக் காட்டும்படி படத்தை அமைக்கிறார்கள். ஜலம் அக்கிரணத்தை விழுங்கிக் கருமையாகிறது. ஈரக் களிமண் மங்கலாகவும், உப்புப் படிந்த உலர்ந்த தரை பிரகாசமாகவும் தோன்றுகின்றன. மழை பெய்தால் உப்புக் கரைந்து கீழே இறங்கிவிடுமாதலால், உவரைத் தேடுவோர் கோடைப் படத்தையே விரும்புகின்றனர்.

ஆனால் வானத்துக் கண் மேற்பரப்பை மட்டுமே காணும். ஆகவே படத்தில் ஒரே சாயலுள்ள நிலங்களை எல்லை கட்டிப் பிரித்தபின், ஆய்வாளர்கள் நேரில் சென்று, ஆளுயரக் குழி வெட்டி, அடுக்கடுக்காக நிறமும் பதமும் பார்த்து, மண்ணை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். 1976இல் நிறுவப்பட்ட, நாகபுரியிலுள்ள தேசிய மண் அளவாய்வு நிறுவனம், பாரதம் முழுவதற்கும் இவ்வழியிலேயே 1:2,50,000 அளவில் மண் வரைபடம் தயாரித்தது. அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரைக் கிலோமீட்டர். இன்றைய சென்டினல் 2 செயற்கைக்கோளின் படங்களோ 10 மீட்டர்ச் சதுரத்தையும் தனித்துக் காட்டுவதால், கழனி கழனியாக ஆராய்வதும் சாத்தியமாகியிருக்கிறது.

மீஞ்சூருக்கு இது மிக அவசியமான காரியம். சென்னையின் தாகத்துக்காக இங்கே நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, கடல்நீர் உட்புகுவது 1969ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. கரித்த கிணற்று நீரைப் பாய்ச்சினால், நீர் ஆவியாகி உப்பு வயலிலே தங்கிவிடும். உவர் நிலத்துக்கு வடிகாலும் நன்னீரால் அலசுதலும் வேண்டும்; சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கோ ஜிப்சம் இட வேண்டும். நோய் எது, அது எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்று வரைபடம் காட்டாவிடில், சிகிச்சையும் வீணே.

எனினும், தரை வெளுக்கும் முன்பே நாற்றின் நுனி கருகுவதைக் கண்டு உழவர் அபாயத்தை உணர்ந்துவிடுகிறார். அவர் கைகாட்டும் வயலில் ஒரு குழி வெட்டிப் பார்த்து, அதன் முடிவையும் சேர்த்துக்கொள்ளும் வரைபடமே மண்ணின் உண்மை நிலையைச் சொல்வதாகும்.