வன்னிக்கு வரும் கொடையும் வங்கியாளரின் இருமனமும்

பெருஞ்செல்வர்களின் சொத்தைக் கவனிப்பதற்கென்றே பெரிய வங்கிகளில் தனிப் பிரிவு உண்டு. அங்கே பணிபுரியும் வங்கியாளருக்குச் சொத்தைக் காப்பதும் பெருக்குவதும் தொழில். வங்கிக்குக் கிடைக்கும் கட்டணமும் பெரும்பாலும் அந்தச் சொத்தின் அளவைப் பொறுத்ததே. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு வாடிக்கையாளர் "பிறந்த ஊருக்கு ஏதாவது செய்யவேணும்" என்று கேட்கும்போது, வங்கியாளருக்கு மகிழ்ச்சியும் தயக்கமும் ஒன்றாகவே வருகின்றன. 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த பிறகு வடக்கிலுள்ள வன்னிக்கு வந்த கொடைகளைப் பார்த்தால் அந்தத் தயக்கத்தின் காரணங்கள் விளங்கும்.

முதற்காரணம் சட்டம். விடுதலைப் புலிகளுக்கு நிதி சேர்ப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகளை இலங்கை மத்திய வங்கி 2006இல் முடக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி அக்கழகத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தடைசெய்யப்பட்டவர்களிடம் பணம் போய்ச் சேர்ந்தால் வங்கியும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பெறுபவர் யார், எதற்காக, யார் வழியாக என்று வங்கியாளர் துருவித் துருவிக் கேட்கிறார். உறவுகளை இழந்த ஊருக்கு உதவ வந்தவருக்கு அந்தக் கேள்விகள் மனதைச் சுடும். அவற்றைக் கேட்காமல் விடவும் வழியில்லை.

அடுத்தது வரி. பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் பதிவுபெற்ற அறநிறுவனத்துக்கு 1 பவுண் கொடுத்தால் அரசு மேலும் 25 பென்ஸ் சேர்க்கிறது. அமெரிக்காவில், கொடையாளரின் ஆலோசனைப்படி பிறகு பகிர்ந்தளிக்கும் நன்கொடை நிதியொன்றில் பணத்தைப் போட்ட ஆண்டிலேயே வரிச்சலுகை கிடைத்துவிடும். அந்தப் பணம் ஏழைகளிடம் எப்போது போகவேண்டும் என்று சட்டம் நாள் குறிப்பதில்லை. அதுவரை வங்கி அதை முதலீடு செய்து கட்டணம் பெறலாம். மனச்சாட்சியுள்ள வங்கியாளருக்கு மிகவும் உறுத்த வேண்டிய இடம் இதுதான்.

பெயரும் புகழும் வேறொரு சிக்கல். முல்லைத்தீவில் பிறந்த, லைக்கா நிறுவனரான சுபாஸ்கரன் அல்லிராஜாவின் ஞானம் அறக்கட்டளை, வவுனியா மாவட்டம் சின்ன அடம்பனில் 150 வீடுகளைக் கட்டியது. 2017 ஏப்ரலில் நடிகர் ரஜினிகாந்த் வந்து அவற்றைக் கையளிப்பதாக இருந்தது. வைகோ, திருமாவளவன் உள்ளிட்ட தமிழக அரசியல் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அவர் பயணத்தைக் கைவிட்டார். வீடுகளைவிட நடிகரின் வருகையே செய்தியாயிற்று. ஆனால் கூரையில்லாமல் இருந்த குடும்பத்துக்கு வீடு வீடுதான். விளம்பரம் கலந்துவிட்டது என்பதற்காக அந்தக் கொடையைப் பழிப்பது நியாயமாகாது.

இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் வேறு வழியில் போனது. வடக்கு கிழக்கில் பயனாளி ஒருவருக்கு 5,50,000 இலங்கை ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக அவரது வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடிப்பதும் சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. எந்த வங்கியாளரும் விரும்பும் முறை இது. இருந்தும் பொருள்களின் விலை ஏற, பணம் போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு. நுண்கடனும் வன்னிப் பெண்களை நெருக்கியது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் இலங்கை அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. வீடு கிடைத்த குடும்பத்துக்கு வருமானமும் வேண்டும் என்பதைக் கொடையாளர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் கொழும்பு செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், வருமானத்தில் ஒரு பங்கை மகமை என்று கணக்கில் எழுதி அறத்துக்கு ஒதுக்கினர். கொடை அங்கே தொழிலின் ஆண்டுக் கணக்கிலேயே அடங்கியிருந்தது. ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போகும் இன்றைய கொடையில் குறைவது அந்தத் தொடர்ச்சி. வன்னியில் முன்பள்ளியோ சிறுவர் இல்லமோ கட்ட நினைப்பவர்கள், ஆசிரியர் சம்பளத்துக்கும் பராமரிப்புக்குமாகக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள வங்கியொன்றில் நிலையான வைப்பையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு எவ்வளவு வேண்டும் என்று உங்கள் வங்கியாளரிடம் கேளுங்கள்.