தார் ரோட்டுக்குள் எவ்வளவு காற்று? கொடைக்கானலில் ஒரு கேஜ் கணக்கு

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியா (பழைய பெயர் லாஸ் காட் ரோடு) ஏறினாலும் சரி, பழனி வழியா ஏறினாலும் சரி, மழைக்காலம் முடிஞ்ச பிறகு ஒரு விஷயம் கண்ணில் படும். மலைச்சரிவிலிருந்து தண்ணி வழிஞ்சு ரோட்டைக் கடக்கிற இடங்களில்தான் ஜல்லி முதலில் பெயர்ந்திருக்கும். "தார் கம்மியா போட்டுட்டான்" என்று பஸ்ஸில் பேசிக்குவாங்க. பல நேரம் பிரச்சினை தாரின் அளவு மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற காற்றின் அளவும்தான்.

நல்ல தார் ரோட்டிலும் காற்று இருந்தே ஆகணும். ஆய்வகத்தில் கலவையை வடிவமைக்கும்போது சுமார் 4 சதவீத வெற்றிடம் வர்ற மாதிரி பார்ப்பாங்க. ரொம்பக் குறைஞ்சா, வெயிலில் தார் விரிய இடமில்லாம மேலே கசிஞ்சு ரோடு வழுக்கும். சுமார் 8 சதவீதத்துக்கு மேலே போனா துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணிக்கு வழி திறந்துடும். உள்ளே போன தண்ணியை லாரி டயர் அழுத்த, அது ஜல்லியிலிருந்து தாரைப் பிரிச்சுவிடும். இரண்டு பருவமழையும் பார்க்கிற பழனி மலையில் இது சின்ன விஷயமில்லை.

இந்தக் காற்றை நேரடியா அளக்க முடியாது. இரண்டு ஒப்படர்த்திகளை அளந்து, அந்த வித்தியாசத்திலிருந்து கணக்குப் போடறாங்க.

முதலாவது, இறுகின கலவையின் ஒப்படர்த்தி. ரோட்டிலிருந்து உருளையா ஒரு துண்டை வெட்டி எடுத்து, காற்றில் ஒருமுறை, தண்ணிக்குள் தொங்கவிட்டு ஒருமுறை, மேற்பரப்பை ஈரத்துணியால் ஒற்றி இன்னொரு முறை எடை போடுவாங்க. ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். தேவையானது தராசு, தராசின் அடியில் தொங்கும் கூடை, தண்ணித் தொட்டி. உதாரணத்துக்கு, ஒரு துண்டின் ஒப்படர்த்தி 2.29 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, காற்றே இல்லாத கலவையின் ஒப்படர்த்தி. இதற்கான முறையை 1950-களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைஸ் உருவாக்கினார். இன்னைக்கும் ஆய்வகத்தில் "ரைஸ் டெஸ்ட்" என்றுதான் சொல்றாங்க. கலவையை உதிரியாக்கி, கனமான குடுவையில் போட்டு, தண்ணி ஊற்றி மூடி, வெற்றிட பம்ப்பை இணைச்சு சுமார் 15 நிமிஷம் குலுக்குவாங்க. உள்ளே மிஞ்சும் அழுத்தம் 25 முதல் 30 மி.மீ. பாதரசம் இருக்கணும். காற்று போன பிறகு குடுவையைத் தண்ணியால் நிரப்பி எடை.

ஒரு கணக்கு பார்ப்போம். கலவை 1500 கிராம். தண்ணி மட்டும் நிரம்பிய குடுவை 7500 கிராம். கலவையும் தண்ணியுமா 8400 கிராம். அப்போ கலவை இடம்பெயர்த்த தண்ணி 1500 + 7500 − 8400 = 600 கிராம். ஒப்படர்த்தி 1500 ÷ 600 = 2.50. நம்ம ரோட்டுத் துண்டு 2.29. 2.29 ÷ 2.50 = 0.916. அதாவது 8.4 சதவீதம் காற்று. 8 தான் எல்லை என்றால் இந்த ரோடு ஃபெயில்.

இப்போ குடுவைக்குள் வெறும் 5 மில்லி காற்று, ஒரு டீஸ்பூன் அளவு, மாட்டிக்கிச்சு என்று வைங்க. இடம்பெயர்ந்த தண்ணி 605 ஆகும், ஒப்படர்த்தி 2.479 ஆகும், வெற்றிடம் 7.6 சதவீதம் ஆகிடும். ரோடு பாஸ்! ரோட்டில் எதுவும் மாறலை, ஒரு டீஸ்பூன் காற்றுதான் மாறிச்சு.

இங்கேதான் கொடைக்கானல் வருது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. மதுரையில் சுமார் 750. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் சுமார் 590தான். சாதாரண வெற்றிட கேஜ், வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு குறைவு என்பதை மட்டும்தான் காட்டும். சாப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்லணும்னா, கேஜ் காட்டுவது ரிலேட்டிவ் பாத், நமக்கு வேண்டியது அப்சல்யூட் பாத். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ரிலேட்டிவ் பாத்தின் அர்த்தம் மாறுமில்லையா, அதே கதை.

உள்ளே 27.5 மி.மீ. வேணும்னா கேஜ் மதுரையில் 722 காட்டணும், கொடைக்கானலில் 562. மதுரைக்காரர் எழுதிவச்ச 722-ஐ மேலே யாராலும் எட்ட முடியாது. பம்ப்பைக் குறை சொல்லுவாங்க. ஆனா ஆபத்தானது இதற்குத் தலைகீழ். மேலே பழகின 562-ஐ அப்படியே மதுரையில் வச்சா உள்ளே 188 மி.மீ. மிஞ்சும். 27.5 மி.மீ.-இல் ஒரு குமிழி 27 மடங்கு விரிஞ்சு தானா மேலே கிளம்பிடும். 188-இல் அது 4 மடங்குதான் விரியும், ஜல்லி இடுக்கிலேயே தங்கிடும். நம்ம டீஸ்பூன் காற்று அப்படித்தான் மிஞ்சுது.

அப்போ இன்னும் அழுத்தத்தைக் குறைச்சா நல்லதுதானே? முடியாது. 25 டிகிரி தண்ணி 24 மி.மீ. பக்கம் வந்தாலே கொதிக்க ஆரம்பிச்சுடும். அந்த 25–30 என்ற எல்லை சும்மா வந்ததில்லை.

குளிரும் ஒரு கணக்கைக் கெடுக்கும். தண்ணியின் அடர்த்தி 25 டிகிரியில் 0.9970, 15 டிகிரியில் 0.9991. ஐந்தரை லிட்டர் குடுவையின் தண்ணி எடையை 25 டிகிரியில் எடுத்துவிட்டு, கலவையோடு எடை போடும்போது 15 டிகிரித் தண்ணி ஊற்றினா சுமார் 10 கிராம் கூடுதலா காட்டும். ஒப்படர்த்தி 2.54 ஆகி, வெற்றிடம் 9.9 சதவீதம் என்று வரும். அதாவது ஓரளவு நல்ல ரோடும் ஃபெயில் ஆகலாம்.

இன்னொரு ஓட்டை ரோட்டுத் துண்டின் பக்கம். காற்றுத் துளை அதிகமான துண்டைத் தண்ணியிலிருந்து எடுத்தா, ஒற்றுவதற்குள் உள்ளே போன தண்ணி வடிஞ்சுடும். கன அளவு குறைவா தெரியும், ஒப்படர்த்தி கூடுதலா தெரியும். எந்த ரோடு மோசமோ அதுக்கே நல்ல மார்க்! அதனால்தான் துண்டு கனஅளவில் 2 சதவீதத்துக்கு மேல் தண்ணி குடிச்சா இந்த முறை கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, சீல் வைத்து எடை போடும் கருவி அதற்கென்றே இருக்கு. பாரஃபின் பூசியும் அளக்கலாம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கொண்டுவந்த பிளாஸ்டிக் ரோட்டிலும் (2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்) இந்தச் சோதனை முக்கியம். ஜல்லியில் பூசும் பிளாஸ்டிக் தண்ணியை விட லேசு. அதைக் கணக்கில் விட்டுவிட்டு, ஜல்லி, தார் விகிதத்தை மட்டும் வச்சு பேப்பரில் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டா விடை பிசகும். ரைஸ் டெஸ்ட் கலவையையே அளக்கிறதால் அந்தத் தொல்லை இல்லை.

உங்க ஊர் ரோட்டின் சோதனை அறிக்கை கைக்குக் கிடைத்தா, "பாஸ்" என்ற வார்த்தையோடு நிறுத்தாம மூணு விஷயம் தேடுங்க: குடுவைக்குள் மிஞ்சிய அழுத்தம் (கேஜ் எண் அல்ல), தண்ணியின் வெப்பநிலை, துண்டு குடிச்ச தண்ணியின் சதவீதம். இந்த மூணும் இல்லாத 7.6-ஐ நான் நம்பமாட்டேன்.