குளவி மாதிரி இருக்கும், ஆனா கொட்டாது: பருத்திக்காட்டில் சுத்தும் இந்த ஈ யார்?

பெட்டி மேல அணுகுண்டு லேபிள், உள்ளே மருந்தே இல்லைன்னா எப்படி இருக்கும்? சிவகாசியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் அப்படி ஒரு பூச்சி பறக்கிறது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடம்பு, அசப்பில் குளவி. ஆனால் கொடுக்கு கிடையாது. அது வெறும் ஈ.

ஹோவர்ஃபிளை என்பது ஆங்கிலப் பெயர். வேளாண் துறையினர் 'சிர்பிட் ஈ' என்பார்கள். உலகம் முழுக்க சுமார் 6,000 வகைகள் உண்டு. ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். குளவிக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான். பறக்கும்போது யார் எண்ணுவது? தலையைப் பாருங்கள். தலை முழுக்கக் கண், குட்டியூண்டு உணர்கொம்பு என்றால் ஈ.

குளவியிடம் ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை, அடுத்து இந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கும். அதற்குத்தான் இந்த வேஷம். வட அமெரிக்கக் காடுகளில் உள்ள 'ஸ்பைலோமையா' ஈக்கள் இன்னும் ஒரு படி மேல். முன்னங்கால்களைத் தலைக்கு முன்னால் தூக்கி ஆட்டி, குளவியின் நீண்ட உணர்கொம்பு போலவே காட்டும். ஓவர் ஆக்டிங்தான், ஆனா வொர்க் அவுட் ஆகுது.

விவசாயிக்கு முக்கியம் இதன் புழு. தமிழ்நாட்டில் பருத்தி, தட்டைப்பயறுச் செடிகளில் அதிகம் காணப்படும் வகை 'இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ்'. இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினி கூட்டத்தின் நடுவிலேயே தாய் ஈ முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தடவித் தடவியே அசுவினியைப் பிடித்து, தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரே புழு நூற்றுக்கணக்கில் காலி செய்துவிடும்.

சிக்கல் இங்கேதான். இலைக்கு அடியில் நெளியும் புழுவைப் பார்த்ததும் 'புழு விழுந்துருச்சு' என்று மருந்தடிப்பதுதான் வழக்கம். அதில் இரண்டும் சாகும். ஆனால் அசுவினி ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். தப்பிப் பிழைத்த நாலைந்து போதும், சில நாளில் கூட்டம் திரும்ப வந்துவிடும். ஈ அவ்வளவு சீக்கிரம் வராது. அடுத்த ஸ்பிரேவுக்குச் செலவு செய்யப்போவது விவசாயிதான்.

அதனால் டேங்கைத் தோளில் மாட்டும் முன் இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. அசுவினிக்கு நடுவே கால் இல்லாத, ஒரு முனை கூரான புழு இருந்தால் ஒருசில நாள் பொறுத்துப் பார்க்கலாம். மாடித்தோட்டத்துக்கும் இதே கதைதான். வளர்ந்த ஈக்குத் தேவை தேனும் மகரந்தமும். வாய் குட்டை என்பதால் ஆழமான பூ ஒத்துவராது. ஒரு தொட்டி கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டால், அது தானே தேடி வரும்.