தேங்காய் எண்ணெய் உறைந்த காலை

உதகமண்டலத்தில் காந்தல் பக்கம் என் அண்ணன் வீடு. ஜனவரி மாதத்தில் அங்கே போனால், காலையில் என்னை எழுப்புவது அண்ணி தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தரையில் தட்டும் சத்தம்தான். எண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடக்கும். ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் அது இளகும். அன்றைக்கு வெளியே 2 டிகிரி. புல்வெளி முழுக்க உறைபனி, யாரோ கல்லுப்பை இடித்துத் தூவிவிட்டுப் போன மாதிரி. காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியில் அண்ணன் மகள் நகத்தாலேயே ஒரு பூனை வரைந்து முடித்திருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

அண்ணன் காரில் ஏறி, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். “கிர்ர்... கிர்ர்ர்...” என்று இழுத்து இழுத்து ஒருவழியாக எஞ்சின் பிடித்தது. நடுவில் இருக்கும் பெரிய திரை எரிந்தது, படக்கென்று இருண்டது, மறுபடி கம்பெனி சின்னத்தைக் காட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுத்துத் தெருவுக்கு வந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால், ‘என்னையா கூப்பிட்டீங்க?’ என்பது போல வண்டி ஒரு நொடி யோசித்தது. அப்புறம் ஓர் உதறல். அதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

“வாங்கி நாலு வருஷம்கூட ஆகலடா. பழைய வண்டியே தேவலாம் போல” என்றார் அண்ணன்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: “சித்தப்பா, காருக்கும் குளிருமா?”

நல்ல கேள்வி. ஆனால் இங்கே இருப்பது இரண்டு புகார்கள்: வண்டி திணறுகிறது, திரை அணைகிறது. இரண்டையும் செய்தது ஒரே திருடன்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்றேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறை வேறு.

முதலில் திணறலைப் பார்ப்போம். பெட்ரோல் எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையில் எரிவது திரவப் பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும்: 1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காற்று. ஊட்டிக் குளிரில் துவைத்துப் போட்ட சீருடை காய இரண்டு நாள் ஆகிறது, இல்லையா? பெட்ரோலுக்கும் அதே கதிதான். அதில் பல நூறு வகைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. லேசானவை குளிரிலும் ஆவியாகிவிடும். கனமானவை குட்டிக் குட்டித் துளிகளாக, காற்று உள்ளே போகும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில புதிய கார்களில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அங்கே அது குளிர்ந்த பிஸ்டன் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் தாத்தா ஓட்டிய அம்பாசிடரில் இதற்கு ஒரு வழி இருந்தது. ‘சோக்’ என்று ஒரு குமிழ். குளிர்ந்த காலையில் அதை வெளியே இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். எவ்வளவு இழுக்கலாம், எப்போது உள்ளே தள்ளலாம் என்பதெல்லாம் ஓட்டுபவரின் கைப்பழக்கம். இப்போது அந்த வேலையைச் செய்வது ஒரு கணினி. எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரில் மிளகு அளவுக்கு ஓர் உணரி மூழ்கியிருக்கிறது. குளிர்ந்தால் அதன் மின்தடை கூடும், சூடானால் குறையும். அதை வைத்தே கணினி, ‘ஓகோ, இன்றைக்கு 2 டிகிரி’ என்று தெரிந்துகொண்டு, ஒட்டிக்கொண்டு வீணாகப் போகும் பங்கையும் சேர்த்துக் கூடுதலாகப் பெட்ரோலை விடுகிறது.

சரியாக விட்டோமா என்று எப்படித் தெரியும்? புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்று இருக்கிறது. வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அது ருசி பார்த்துச் சொல்லும். ஆனால் அந்த நாக்கு சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும். அதுவரை கணினி ருசி பார்க்காமலேயே சமைக்கிறது. நைவேத்தியத்துக்குப் பொங்கல் வைக்கும்போது பாட்டி உப்புப் பார்க்க மாட்டார், கையளவுதான். கணினிக்கும் அப்படி ஒரு கையளவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் நாம் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், காற்று சட்டென்று உள்ளே பாயும். பெட்ரோலில் ஒரு பங்கு சுவரில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். அந்த ஒரு கணம் கலவை நீர்த்துப்போகிறது. அண்ணன் பார்த்த யோசனையும் உதறலும் அதுதான்.

புதிய கார்களில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்க வினையூக்கி மாற்றி என்று ஒரு பெட்டி புகைக்குழாயில் இருக்கிறது. அதுவும் சில நூறு டிகிரி சூடேறினால்தான் விழித்துக்கொள்ளும். எனவே முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் கணினி வேண்டுமென்றே தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக அடிக்கிறது. வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகாமல் புகையோடு வெளியேறி அந்தப் பெட்டியைச் சூடாக்கும். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக இரைவதும் இதற்காகத்தான். “முள் 1300-ல நிக்குது சித்தப்பா” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் 800-க்கு இறங்கியதையும் அவள்தான் சொன்னாள்.

ஆகவே முதல் புகார் பெரும்பாலும் குளிர்காலச் சோம்பல்தான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் திணறினால் பிளக்கையோ உணரியையோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மற்றபடி, ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்பினால் போதும்.

இரண்டாவது புகாரில் துப்பறிவாளர் முந்திக்கொண்டார். “எல்.சி.டி.ன்னா அதுக்குள்ள ஒரு திரவம் இருக்குன்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்ப அதுவும் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைஞ்சு போயிருக்கும்!”

சபாஷ் போட வேண்டிய ஊகம். அந்தத் திரவத்தின் பெயர் திரவப் படிகம். அதன் கதை கேரட்டில் தொடங்குகிறது என்றால் ஊட்டிக்காரர்களுக்குப் பிடிக்கும்தானே? 1888-இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்டிரால் வகைப் பொருள் ஒன்றைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகியது. உருகினால் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்? அது கலங்கலாக இருந்தது. மேலும் சூடாக்க, 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள்! குழம்பிப்போன அவர், ஓட்டோ லேமான் என்ற இயற்பியலாளருக்கு எழுதிக் கேட்டார். அந்தக் கலங்கல், நீர் போல ஓடுகிறது, ஆனால் படிகம் போல உள்ளே ஓர் ஒழுங்கும் வைத்திருக்கிறது என்று லேமான் கண்டார்.

நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரும் ராமனின் அண்ணன் மகன்தான், அதனால் இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தச் சந்திரசேகர் 1977-இல் பெங்களூரில், ராமன் ஆய்வுக் கழகத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். அதுவரை எல்லோரும் குச்சி வடிவ மூலக்கூறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரின் திரையில் இருப்பவை குச்சிகள்தான். மின்சாரம் பட்டால் அவை திரும்பி நிற்கும். திரும்பும் விதத்தைப் பொறுத்து பின்னாலிருந்து வரும் ஒளி கடந்து போகும், அல்லது தடைபடும். குளிரில் திரவம் தடித்துப்போவதால் குச்சிகள் மெதுவாகத் திரும்பும்.

ஊகத்தைச் சோதித்துவிடலாம் என்று, வீட்டிலிருந்த பழைய கால்குலேட்டரை பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அண்ணியிடம் கேட்டுவிட்டு, ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்தோம். அங்கே குளிர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். எடுத்துப் பைக்கு மேலேயே 8-ஐ அழுத்தினால், எண் சட்டென்று வரவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஆள் வருவது போல மெல்லக் கறுத்தது. அழித்தால் போகவும் மனசில்லாமல் நிழலாக நின்றது. (நீங்களும் செய்து பார்க்கலாம். பையை உடனே பிரிக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.)

“பாத்தீங்களா!” என்றாள்.

“பார்த்தேன். அது மெதுவானது, சரி. அணைஞ்சு போச்சா?”

யோசித்தாள். கார்த் திரைகளை மைனஸ் 30 டிகிரியிலும் வேலை செய்யும்படி தயாரிக்கிறார்கள். லடாக்கின் திராஸ் போன்ற இடங்களில் படம் நிழலடித்து இழுக்கலாம். ஊட்டியின் 2 டிகிரி அதற்குப் போதாது. தவிர, நம் திரை மெதுவாகவில்லை, மயங்கி விழுந்து எழுந்தது.

மறுநாள் காலை அதே குளிர். கிளட்ச்சை மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்தினோம். எஞ்சின் ஓடவில்லை, திரை மட்டும் வந்தது. இரண்டு நிமிடம் பார்த்தோம். பாட்டு, வரைபடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட். “கிர்ர்ர்” என்றதும் உள் விளக்கு மங்கியது, அதே நொடியில் திரை இருண்டது. பானெட்டைத் திறந்து பேட்டரியில் நான் மல்டிமீட்டரைப் பிடித்திருந்தேன் (பேட்டரி பக்கம் பெரியவர்கள்தான் போக வேண்டும்). 12.1 வோல்ட் காட்டிய அது, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 8.6-க்கு விழுந்தது.

பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஆக நன்றாக இருந்தால் 12.6. உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்து செய்யும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். அதே குளிரில் எஞ்சின் ஆயிலும் தடித்துக் கிடக்கிறது, அதைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுகிறது. வரவு குறைந்த மாதத்தில்தான் செலவு கூடுகிறது! வயதான பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் கணினியை மின்னழுத்தம் இப்படி விழுந்தாலும் தாக்குப்பிடிக்கும்படி செய்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் இருப்பது இன்னொரு கணினி. அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது, நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

தொடங்கட்டுமே, என்ன அவசரம் என்று விடவும் முடியாது. ரிவர்ஸ் கேமரா அந்தத் திரையில்தான் தெரிகிறது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்கெல்லாம் இந்தக் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வர வேண்டும் என்பதும் விதி. முதல் நாள் அண்ணன் ரிவர்ஸ் எடுத்தபோது திரையில் வெறும் கம்பெனி சின்னம்தான் இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தார்.

பேட்டரி கடைக்காரரும் சோதித்துப் பார்த்துவிட்டு “ஆயுசு முடிஞ்சுது சார்” என்றார். புதுப் பேட்டரி போட்டோம். அடுத்த நாள் காலை ஒரே “கிர்”, எஞ்சின் பிடித்தது, திரை இமைக்கவே இல்லை. தெருவுக்கு வந்து அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு நொடி யோசித்து, உதறி, நகர்ந்தது.

“ரெண்டாவது திருடனைப் பிடிச்சாச்சு. முதல் ஆளு இங்கயேதான் இருக்கார்” என்றாள்.

அவள் மடியில் தேங்காய் எண்ணெய் பாட்டில். மார்க்கெட் வரை போய் வருவதற்குள் இளகிவிடுகிறதா பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்தாள். எஞ்சின் சூட்டில் ஓடும் ஹீட்டரின் காற்று வரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வந்தது குளிர்ந்த காற்று. சேரிங் கிராஸ் தாண்டும்போது பாட்டிலின் ஓரத்தில் மட்டும் கண்ணாடி போல ஒரு கோடு தெளிந்தது. வீடு திரும்பியபோது நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் மிதந்துகொண்டிருந்தது.