இடம் மாறி மறையும் சூரியன்

கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட் பகுதியில் வாழும் இனுயிட் முதியவர்கள் பலர், பூமி தன் அச்சில் முன்பு இருந்ததைப் போல இல்லை, சாய்ந்துவிட்டது என்று உறுதியாகக் கூறி வருகின்றனர். சூரியன் வழக்கமான இடத்தில் மறையாமல் வெகுவாகத் தள்ளி மறைகிறது, குளிர்காலத்தில் முன்னைவிட உயரமாக எழுகிறது, பகல் வெளிச்சம் நீண்டுவிட்டது, விண்மீன்களும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை என்பன அவர்கள் முன்வைக்கும் சான்றுகள். இனுயிட் திரைப்பட இயக்குநர் சக்கரியாஸ் குனுக்கும் ஆய்வாளர் இயன் மாவ்ரோவும் பருவநிலை மாற்றம் பற்றி இம்முதியவர்களிடம் கேட்டறிந்து 2010இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் இக்கூற்று மீண்டும் மீண்டும் எழுகிறது. பாங்னிர்ட்டங், இக்லூலிக், ரெசல்யூட் பே முதலிய ஊர்கள் ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தொலைவில், சாலைத் தொடர்பு ஏதுமின்றி அமைந்தவை என்பதால், அவற்றிலிருந்து ஒரே விதமான செய்தி வருவதைத் தனிமனிதரின் கண்மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைச் சொல்பவர்கள் எத்தகைய பார்வையாளர்கள் என்பதை முதலில் அறிவது நலம். இக்லூலிக் போன்ற ஊர்களில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் அடிவானத்தில் தலைகாட்டும். இடைப்பட்ட அந்த நீண்ட துருவ இருளில் காலத்தைக் கணிக்க விண்மீன்களே துணை. தமிழர் திருவோணம் என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்த இரு விண்மீன்களை இனுயிட் மக்கள் ஆக்ஜூக் என்பர். அவை விடியலில் தோன்றுவது குளிர்காலத்தின் நடுப்பகுதி வந்துவிட்டதற்கும், சூரியன் திரும்பும் காலம் நெருங்குவதற்கும் அறிகுறி. சூரியன் திரும்பும் நாளில் சிறுவர்கள் வீடு வீடாக ஓடி, கடல்விலங்குகளின் கொழுப்பில் எரியும் குல்லிக் என்னும் கல்விளக்குகளை ஊதி அணைப்பதும், புதிதாக மூட்டிய ஒரே நெருப்பிலிருந்து அவற்றை மறுபடி ஏற்றுவதும் இக்லூலிக்கின் பழைய வழக்கம். அதன் பிறகு நாளுக்கு நாள் சூரியன் எவ்வளவு உயர்கிறது என்பதைக் கையுறை அணிந்த கையை முழுவதும் நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே கட்டைவிரலின் பருமன் அடங்குகிறதா, உறையின் அகலம் அடங்குகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். கட்டைவிரல் அளவு ஒன்று, முழு உறையின் அளவு மற்றொன்று என ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பெயர் உண்டு; நாய்வண்டியில் எவ்வளவு தூரம் வேட்டைக்குச் செல்லலாம் என்பது அந்த அளவைப் பொறுத்தே முடிவாகும். உயிர் பிழைப்பதற்காக அடிவானத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆண்டுதோறும் அளந்துவந்த ஒரு சமூகம், சூரியன் இடம் மாறிவிட்டது என்று சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அறிவியலின் கடமை.

ஆயினும், பூமியின் அச்சு அவர்கள் சொல்லும் அளவுக்குச் சாயவில்லை என்பதில் ஐயமில்லை. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அது சூரியனைச் சுற்றிவரும் பாதையின் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 23.44 பாகை சாய்ந்திருக்கிறது; இதனையே அச்சுச் சாய்வு என்கிறோம். பருவங்கள் மாறுவதும், துருவப் பகுதிகளில் மாதக்கணக்கில் பகலும் இரவும் நீடிப்பதும் இச்சாய்வின் விளைவுகள். இது நிலையான எண் அன்று. மற்றக் கோள்களின் ஈர்ப்பால் ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே மெல்லக் கூடிக் குறைகிறது. தற்போது அது குறைந்துவரும் காலம். நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை குறைகிறது. ஒரு பாகையில் 60 கலைகளும் ஒரு கலையில் 60 விகலைகளும் அடங்கும் என்பதைக் கணக்கில் கொண்டால், 70 ஆண்டு வாழ்ந்த ஒருவரின் வாழ்நாளில் ஏற்படும் மாற்றம் 33 விகலை, அதாவது சூரிய வட்டின் அகலத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு மட்டுமே. சாய்வு குறைந்தால் குளிர்காலத்தில் வடக்கே சூரியன் சற்று உயர்ந்து தெரிய வேண்டும் என்பதால், முதியவர்கள் சொல்லும் திசையும் இம்மாற்றத்தின் திசையும் ஒன்றாகவே இருக்கின்றன; ஆனால் இந்த அளவைக் கண்ணாலோ கையுறையாலோ உணர எவராலும் இயலாது.

இம்மாற்றத்தை இவ்வளவு துல்லியமாக அறிவது எப்படி என்ற கேள்வி எழலாம். வெவ்வேறு கண்டங்களில் உள்ள வானொலித் தொலைநோக்கிகள், பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒளிரும் குவேசார்களிலிருந்து வரும் ஒரே அலையைப் பெறுகின்றன. அந்த அலை ஒவ்வொரு தொலைநோக்கியையும் வந்தடையும் நேரத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டிலிருந்து, விண்வெளியில் பூமி எத்திசை நோக்கி நிற்கிறது என்பதை விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையுடன் கணித்துவிடலாம். அச்சுச் சாய்வு ஒரு பாகை மாறினாலே ஆர்க்டிக் வட்டமும் கடகரேகையும் 111 கிலோமீட்டர் இடம்பெயரும். கணக்கிட்டுத் திருப்பப்படும் தொலைநோக்கிகள் எல்லாம் தாம் தேடும் விண்மீனைத் தவறவிட்டிருக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமி சாய்ந்துவிட்டது என்று 2023இல் பரவிய செய்தியும் இங்கே விளக்கத்துக்கு உரியது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் வெளியேற்றப்பட்ட 2,15,000 கோடி டன் நிலத்தடி நீர், வட துருவப் புள்ளியை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கிழக்கு நோக்கி நகர்த்தியது என்பதே அச்செய்திக்கு அடிப்படையான ஆய்வின் முடிவு. வடமேற்கு இந்தியாவின் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் இது பூமியின் உடல் தன் சுழல் அச்சைப் பொறுத்துச் சற்று நகர்வதைக் குறிப்பதேயன்றி, சூரியனை நோக்கிய சாய்வு மாறியதைக் குறிப்பதன்று.

அச்சு மாறவில்லையென்றால் மாறியது எது? அடிவானத்துக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள காற்று என்பதே இதற்கு முன்வைக்கப்படும் வலுவான விளக்கம். அடர்த்தி குறைந்த காற்றிலிருந்து அடர்த்தி மிகுந்த காற்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது. இந்த ஒளிவிலகல் அடிவானத்தில் சராசரியாக 34 கலை. சூரிய வட்டின் அகலமோ 32 கலை. எனவே அடிவானத்தைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் சூரியன் உண்மையில் முழுவதுமாக அதற்குக் கீழே இறங்கிவிட்ட சூரியன். பொதுவாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். துருவப் பகுதியிலோ பனிக்கட்டியை ஒட்டிய காற்று கடுங்குளிராகவும் அதன் மேலுள்ள அடுக்கு வெதுவெதுப்பாகவும் இருப்பது வழக்கம். வெப்பநிலை இவ்வாறு தலைகீழாக அமையும்போது ஒளி வழக்கத்தைவிட மிகுதியாக வளைந்து, கீழேயுள்ள சூரியனை மேலே தூக்கிக் காட்டுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருவதால், அங்குள்ள காற்றடுக்குகளின் அமைப்பும் அவை ஒளியை வளைக்கும் அளவும் மாறியிருக்க இடமுண்டு.

இம்மாற்றம் சிறியதாக இருந்தாலும் துருவத்தை ஒட்டிய ஊர்களில் பெரிதாகத் தெரியும் என்பதுதான் இச்செய்தியின் உயிர்நாடி. ஜனவரி நடுவில் நண்பகல் சூரியனின் உயரம் இக்லூலிக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.18 பாகை கூடுகிறது. ஒளிவிலகல் இயல்பைவிட 0.36 பாகை மிகுந்தால், சூரியன் இரண்டு நாள் முன்னதாகவே வெளிப்பட்டுவிடும். மேலும், அந்நாள்களில் சூரியன் தெற்கு அடிவானத்தை உராய்ந்தபடி ஏறக்குறையக் கிடையாகச் செல்வதால், அதே 0.36 பாகை அதன் மறையும் இடத்தை 5 பாகைக்கு மேல் மேற்கே தள்ளிவிடும். பத்துச் சூரியன்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் உண்டாகும் அகலம் அது. தெரிந்த ஒரு குன்றின் பின்னே மறைந்த சூரியனை அடுத்த குன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அது போதும். கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், அதே அளவு ஒளிவிலகல் அங்கே மறையும் இடத்தைப் பாகையில் பத்தில் ஒரு பங்குகூட நகர்த்தாது.

இத்தகைய காட்சிக்கு 400 ஆண்டுகளுக்கு முந்திய எழுத்துச் சான்றும் உண்டு. வில்லம் பாரன்ட்ஸ் வழிநடத்திய டச்சுக் கடற்பயணக் குழு 1596இல் ரஷ்யாவுக்கு வடக்கே நோவயா செம்லியா தீவில் பனிக்கட்டியில் சிக்கிக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தபோது, குழுவைச் சேர்ந்த கெரிட் டி வேர் 1597 ஜனவரி 24 அன்று சூரியனைக் கண்டதாக எழுதினார். கணக்கின்படி சூரியன் வர வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்போது அது அடிவானத்துக்கு ஏறத்தாழ 5 பாகை கீழே இருந்திருக்க வேண்டும். இருளில் அவர்கள் நாள் கணக்கைத் தவறவிட்டார்கள் என்று அக்கால அறிஞர் பலர் கருதினர். வெப்பநிலை தலைகீழாக அமைந்த காற்றடுக்கினூடே ஒளி நெடுந்தொலைவு வளைந்து செல்வதால் இது நிகழும் என்பது பின்னர் தெளிவாகி, அத்தீவின் பெயராலேயே இன்று அந்த விளைவு வழங்கப்படுகிறது.

சூரியனோடு நிலமும் மாறியது இனுயிட் முதியவர்களின் ஐயத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும். உவங்நாக் என்னும் வடமேற்குக் காற்று குளிர்காலத்தில் வீசி இறுக்கமான பனியைச் செதுக்கும்போது, நாக்கு நீட்டியது போன்ற வடிவில் உக்கலுராயிட் என்னும் பனிமேடுகள் உருவாகின்றன. அவற்றின் முனை எப்போதும் ஒரே திசையைக் காட்டும் என்பதால், மூடுபனியிலும் இருளிலும் வண்டி ஓட்டுபவர் அவற்றைக் குறிப்பிட்ட கோணத்தில் கடந்து சென்றே ஊர் சேர்வார். ஓங்கி வீசும் காற்றின் திசையே இப்போது மாறி வருவதாக முதியவர்கள் சொல்கின்றனர். காற்று மாறினால் பனிமேடும் திரும்பும். தலைமுறை தலைமுறையாகத் திசை காட்டிய நிலமும் வானமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனதைக் கண்டவர்கள், இரண்டையும் தாங்கும் பூமியே திரும்பிவிட்டது என்று முடிவு செய்ததில் தர்க்கப் பிழை இல்லை. கிடைத்த சான்றுகளுக்கு அவர்கள் பொருத்தமான விளக்கத்தையே தேடினர்.

அச்சு பற்றிய அக்கூற்றுக்குப் படத்தில் இடமளித்ததை அறிவியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். விளக்கத்தை மறுக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு; ஆனால் விளக்கத்தோடு சேர்த்துக் கண்ட செய்தியையும் தள்ளிவிடுவது டி வேருக்கு நேர்ந்த அநீதியை மறுபடி இழைப்பதாகும். மேற்குக் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் ஜனவரி 13 அன்று திரும்பும் சூரியன் 2011இல் இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்ததாகச் செய்தி வந்தபோது, ஒளிவிலகலும், அடிவானத்தில் உள்ள பனிப்படலம் உருகித் தாழ்ந்திருக்கக்கூடும் என்பதும் காரணங்களாக உடனே ஆராயப்பட்டன. நுனாவுட் முதியவர்களின் கூற்றும் அவ்வாறே ஆராயத் தகுதி பெற்றது.

பூமியின் அச்சு நாள் தவறாமல் அளக்கப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு துருவச் சிற்றூரிலும் சூரியன் எந்த நாளில், எந்தக் குன்றருகே முதலில் தோன்றியது என்பதைப் பல பத்தாண்டுகளாகக் குறித்துவந்த கருவி ஏதும் இல்லை. இருக்கும் ஆவணம் முதியவர்களின் நினைவுதான். இக்லூலிக்கில் 1986 முதல் முதியவர்களின் வாய்மொழிச் செய்திகள் நூற்றுக்கணக்கான நேர்காணல்களாக அவர்களின் இனுக்டிட்டுட் மொழியிலேயே பதிவு செய்யப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டு வந்துள்ளன. ஜான் மக்டொனால்டு 1998இல் வெளியிட்ட இனுயிட் வானியல் நூல் அப்பதிவுகளைக் கொண்டே உருவானது.