குப்பை வாளியில் புழுவா? கொதிதண்ணி ஊற்றாதீங்க!

குசினிக் குப்பை போடும் வாளியைத் திறந்தால் கபில நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிகின்றன. "ஐயோ, ஈப்புழு!" என்று உடனே கொதிதண்ணியை ஊற்றிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, வழுவழுப்பாக, ஒரு பக்கம் கூராக இருக்கும். தட்டையாக, வரிவரியாக, தோல் தடித்து, முக்கால் அங்குலம் வரை வளர்ந்திருந்தால் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. நமக்கு உதவி செய்யும் புழு.

இந்த ஈயைக் கண்டு நம்ம பெண்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. பார்க்கக் குளவி மாதிரியே இருக்கும். கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிர் போனது நமக்குத் தெரியாத கதையா? ஆனால் குளவிக்கு நாலு சிறகு, இதுக்கு இரண்டுதான். கொடுக்கு இல்லை, கடிக்காது. சோற்றுச் சட்டியையும் பிள்ளையின் பால் போத்தலையும் தேடி வராது. அதற்காகக் கிட்டப் போய் சிறகை எண்ண வேண்டாம். கூடு கட்டியிருந்தால் அது குளவிதான், தள்ளிப் போங்க. சிப்பாய் ஈ கூடு கட்டாது.

லயத்துக் கானில் கொட்டும் பழைய சோற்றில்தான் வீட்டு ஈ பெருகுகிறது. அதே ஈதான் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டு வருகிறது. சிப்பாய்ப் புழு நிறைந்த வாளியில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைவு. சோறு, மரக்கறித் தோல், மீன் கழிவு எல்லாவற்றையும் தின்று, குப்பையைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும்.

மூடியுள்ள பழைய வாளி போதும். அடியில் துளை போட்டு, கல் மேல் வைத்து, காய்ந்த இலை பரப்புங்க. ஈ நுழையுமளவுக்கு மூடியைச் சற்றுத் திறந்து வையுங்க. குப்பைக்கு மேலே காய்ந்த அட்டைத் துண்டு ஒன்று வைத்தால் அதன் இடுக்கில் முட்டையிடும். ஒரு ஈ 500 முட்டை வரை இடும். அன்றாடம் தின்று முடிக்கும் அளவே போடுங்க. நாற்றம் வந்தால் கூடிப்போச்சு என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கலந்துவிடுங்க.

இரண்டு மூன்று கிழமையில் முற்றிய புழு கறுத்து, காய்ந்த இடம் தேடித் தானாகவே ஏறி வெளியே வரும். அந்த நேரம் கோழிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை! வாளியில் மிஞ்சுவதை உடனே பாத்திக்குப் போடாமல், குழியில் மண்ணோடு ஒரு மாதமாவது மக்கவிடுங்க.

27 முதல் 30 பாகை வரையான சூடுதான் இதுக்குப் பிடிக்கும். இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கத் தோட்டங்களில் நன்றாக நடக்கும். நுவரெலியாக் குளிரில் மிக மெதுவாகத்தான் வளரும். அங்கே குழிக் கூட்டெருதான் நல்லது.

கோழிக்குக் கொடுப்பதாக இருந்தால், பூச்சிமருந்து பட்ட இலைகுழைகளை இந்த வாளியில் போடவே கூடாது.