பாட்டியால் ஏறி உட்கார முடியுமா?

காலை ஏழு மணிக்கே வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார். சின்னவளுக்கு ராத்திரி முழுக்க ஜுரம். மாமியாருக்கு இன்றைக்கு வேலூர் சி.எம்.சி.யில் செக்கப். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு போய், சுமார் 50 கிலோ மீட்டர் பஸ்ஸில் இடிபட்டு, இறங்கி இன்னொரு ஆட்டோ பிடித்து... டாக்டரைப் பார்ப்பதற்குள் மாமியாருக்கு பிரஷர் எகிறிவிடுகிறது. அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எழுகிறது: "ஏங்க, பழசா ஒரு கார் வாங்கிப் போட்டா என்ன?"

நல்ல யோசனைதான். இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாத ஸ்கூட்டரில் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு, சென்னை - பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போவதை நினைத்தாலே பகீர் என்கிறது. ஆனால், மலிவாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு காரை வாங்கிவிட்டால் அது வேறொரு தலைவலி. ஹெல்த் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களின் முட்டி, முதுகு, மூச்சு, உயிர் எல்லாம் அந்த நான்கு சக்கரத்தின் மேல்தானே உட்காரப் போகிறது!

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். இந்த வண்டி யாருக்காக? உங்கள் வீட்டுக்கு இது இரண்டாவது வண்டி. ஆபீசில் காட்டி பெருமைப்பட அல்ல. ஆஸ்பத்திரி, ஸ்கூல், மார்க்கெட், எப்போதாவது ஒரு கல்யாணம். அவ்வளவுதான். அப்படியானால் வாங்கப்போகும் காரை முதலில் சோதிக்க வேண்டியவர் உங்கள் மச்சான் அல்ல, பாட்டி!

நிஜமாகத்தான் சொல்கிறேன். வண்டி பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள். முன் சீட்டில் ஒரு தடவை, பின் சீட்டில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கும்போது உடம்பின் மொத்த பாரமும் முட்டியில்தான் இறங்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அது தினசரி சித்திரவதை. பக்கவாட்டில் திரும்பி அப்படியே உட்கார்கிற மாதிரி, கிட்டத்தட்ட நாற்காலி உயரத்தில் சீட் இருக்க வேண்டும். 1998-ல் சான்ட்ரோவும் அடுத்த வருஷம் வேகன்-ஆரும் வந்தபோது, "இதென்ன டப்பா மாதிரி உயரமா இருக்கு!" என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த உயரம்தான் இன்றைக்கும் வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் வேகன்-ஆருக்கு மவுசு குறையாமல் வைத்திருக்கிறது. பளபளவென்று நீளமாக இருக்கும் செடான் கார்கள் பலவற்றில் பாட்டி குழிக்குள் இறங்குவதுபோல் இறங்க வேண்டியிருக்கும். டிக்கியில் மடக்கு சக்கர நாற்காலியோ, வாக்கரோ வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிசா, புதுசா?

கையில் இருப்பது மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பணத்துக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பெரிய கார் ஒன்று கிடைக்கும். ஐந்தாறு வருஷம் ஓடிய சின்ன கார் ஒன்றும் கிடைக்கும். பெரும்பாலோர் மயங்குவது பெரியதில்தான். என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சின்ன காருக்குப் போங்கள் என்பேன். பெரிய காரின் விலைதான் குறைந்திருக்கிறதே தவிர, அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை!

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களின் அடிப்படை மாடல்களை வாங்கி மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ. ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் வாங்கிய மார்க் சைபர். ஒன்றிலும் ஏர்பேக் இல்லை. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மோதியபோது நான்கு ஸ்டார் கிடைத்தது. ஏனென்றால் அதன் கூடு உறுதியாக இருந்தது. ஆல்ட்டோ, ஐ10, நானோ மூன்றின் கூடும் மோதலில் குலைந்துபோனது. ஆக, ஏர்பேக்கும் வேண்டும், கூடும் திடமாக இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் சட்டம் விழித்துக்கொண்டது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. சடாரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது இதுதான். 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டும் மணி, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் வந்தன. 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் வந்தது. எனவே பழைய கார் தேடும்போது 'தயாரித்த தேதி 2019 ஜூலைக்குப் பிறகு' என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2022-க்குப் பிறகானது கிடைத்தால் இன்னும் நல்லது. பட்ஜெட் இடிக்கிறதா? பழைய வண்டிதான் வாங்க முடியுமா? அப்படியானால் ஏர்பேக் உள்ள டாப் மாடலாகத் தேடுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய வில்லங்கம்! விபத்தில் ஏர்பேக் வெடித்துப்போய், புதிதாக மாற்றாமல் விளக்கை மட்டும் கழற்றிவிட்டிருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? பழைய விலையையே சொல்கிறவரிடம் இதை நினைவுபடுத்துங்கள். ஷோரூமில் இன்றைய புது விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசப் போங்கள்.

டீசல் வேண்டாம். தினம் ஐந்து கிலோ மீட்டர் ஸ்கூலுக்குப் போய்வருகிற வண்டிக்கு டீசல் எதற்கு? 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். குறுகிய ஓட்டத்திலேயே இருந்தால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

நட்டநடு வெயிலில் போங்கள்

வண்டி பார்க்கச் சாயங்காலம் நான்கு மணிக்குக் குளுகுளுவென்று போகாதீர்கள். இரண்டு தடவை போங்கள். ஒரு தடவை விடியற்காலை, முன்கூட்டிச் சொல்லாமல். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, லேசாகத் தித்திப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. இரண்டில் எது இருந்தாலும் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை பகல் ஒரு மணிக்கு. நம் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சித்திரையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஏ.சி.யைப் போட்டு, வண்டியை நிறுத்தின இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெந்நீர் காற்று வருகிறதா? ஆஸ்பத்திரி வாசல் டிராஃபிக்கில் ஆஸ்துமாக்கார அப்பாவோடு மாட்டிக்கொள்ளும்போது அந்த ஏ.சி. உதவாது. "கேஸ் மட்டும் ஃபில் பண்ணா போதும் சார்" என்பதை நம்பாதீர்கள். கேஸ் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். மூடி நிறுத்திய காருக்குள் பத்தே நிமிஷத்தில் வெப்பம் சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். "ரெண்டு நிமிஷம், மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகவே போகாதீர்கள். கண்ணாடியை லேசாக இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

பழைய வண்டியில் சைலன்ஸர் பைப் ஓட்டையாகி இருந்தால் இன்னொரு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் என்று ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடும். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு, பார்க்கிங்கில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு குட்டித் தூக்கம் போடுகிறவர்களுக்கு இது முக்கியம். மெக்கானிக்கிடம் சைலன்ஸரை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது கண்ணாடிகளை மூடிக்கொண்டு தூங்காதீர்கள்.

மழையில் குளித்த கார்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, இப்படிப்பட்ட வண்டிகள் உள்ளூர்களுக்கு வந்து சேர்வது உண்டு. சென்னை இங்கிருந்து மூன்று மணி நேர ஓட்டம்தானே!

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருண்டு உள்ளே இருக்கிற பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தப் பள்ளத்தில் மண் படிந்திருக்கிறதா, தரை விரிப்பை முகர்ந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அந்த வாடை இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. புத்தம் புது சீட் கவர் போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு எது தோல், எது ரெக்ஸின் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எதுவானாலும் வெயிலில் நின்றால் குழந்தையின் தொடை பொசுங்கும். மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். '2219' என்றால் 2019-ம் வருஷத்தின் 22-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும், ஆறு வருஷம் தாண்டிய ரப்பர் ஹைவே சூட்டில் வெடிக்கலாம். கையில் இருக்கும் மூன்று லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் நாற்பதாயிரமாவது தனியே எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில் என்று முதல் மாதமே கேட்கும். மாருதி 800-லும் அதே என்ஜின் போட்ட பழைய ஆல்ட்டோவிலும் டைமிங் பெல்ட் என்று ஒன்று உண்டு. அது எப்போது மாற்றியது என்று கேளுங்கள். தெரியாது என்றால் வாங்கின வாரமே மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும். விற்கிறவர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் சொல்வார்: "மீட்டரைப் பாக்காதீங்க சார், பெடலைப் பாருங்க." முப்பதாயிரம் கிலோ மீட்டர் என்று மீட்டர் காட்டும். பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும்! கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாக எத்தனை கிலோ மீட்டரில் சர்வீஸ் ஆனது என்று சர்வீஸ் ரிக்கார்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பேர் மாத்தியாச்சா?

சித்தூர் நமக்குப் பக்கம், கர்நாடகாவும் தூரமில்லை. அதனால் ஏ.பி., கே.ஏ. நம்பர் வண்டிகள் இங்கே மலிவாகக் கண்ணில் படும். அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரியும் கட்டி, புது நம்பர் போட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் டி.என்.23 வண்டியே தேவலை என்று ஆகிவிடலாம். பதினைந்து வருஷம் முடியப்போகிற வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் சேருங்கள். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. எஃப்.சி. காட்ட டிங்கரிங், பெயிண்ட் என்று ஆவது தனி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'பரிவாகன்' தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் பெயர், இன்ஷூரன்ஸ் தேதி, கட்டாத அபராதம், கடன் பாக்கி எல்லாவற்றையும் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் பேங்கின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் பணத்தை நீட்டாதீர்கள். ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஃபாரத்தைப் பீரோவில் வைத்துவிடுகிற வீடுகள் நிறைய. 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. நீங்கள் உங்கள் பழைய ஸ்கூட்டரை விற்கும்போதும் இதே கதைதான் என்பதை மறக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு அடிபடும்போது க்ளைம் தகராறாகும். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் அவருடைய சொத்து, வண்டியோடு உங்களுக்கு வராது. பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

சாவி கைக்கு வந்த அன்றே நான்கு சீட் பெல்ட்டும் மாட்டி, கழற்றிப் பாருங்கள். பின் சீட்டில் பல வண்டிகளில் பெல்ட்டின் கொக்கி கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி மேலே எடுத்து வையுங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் உட்கார வைத்தால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. குழந்தை சீட்டை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்கள் வண்டியின் பின் சீட் இடுக்கில் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இல்லையென்றால், சீட் பெல்ட்டாலேயே கட்டுகிற மாதிரி சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.